லினக்ஸ் கர்னலில் பேஜுக்கு ஆணி அடிப்பதும் பிடுங்குவதும்

பணகுடி, வள்ளியூர் பக்கத்துக் காற்றாலை ஒன்றின் கியர்பாக்ஸ் அதிர்வைப் பதிவு செய்யும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 சேனல், சேனலுக்கு வினாடிக்கு 51,200 மாதிரி, மாதிரிக்கு 4 பைட். பெருக்கினால் வினாடிக்கு 16,38,400 பைட். கர்னல் மெமரியை 4,096 பைட் துண்டுகளாகப் பிரித்து நிர்வகிக்கிறது, ஒரு துண்டுக்குப் பேஜ் என்று பெயர். அப்படி வகுத்தால் மிச்சமில்லாமல் 400 பேஜ். 10 வினாடிக்கு ஒரு பஃபர் வைத்தால் 4,000 பேஜ், அதாவது 15.625 எம்பி. இந்தக் கட்டுரை முழுக்க இந்த 4,000 பேஜைத்தான் வைத்துக் கணக்குப் போடப்போகிறோம்.

கார்டு இந்த பஃபரில் எழுதும்போது பிராசஸரைக் கேட்பதில்லை. டிஎம்ஏ வழியாக நேரே மெமரியில் கொட்டுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முன்கூட்டிக் கொடுத்த முகவரிப் பட்டியல் மட்டும். கர்னலோ பேஜ்களை ஓரிடத்தில் வைத்திருக்கிற ஆள் இல்லை. டிஸ்கிலுள்ள ஸ்வாப்புக்கு அனுப்பும், நெருக்கிச் சேர்க்கக் காம்பேக்‌ஷன் செய்யும், வேறொரு பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள மெமரிக்கு (நூமா நோடு) மாற்றும்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் போகிறீர்கள். வள்ளியூரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க வருகிறவரிடம் "இடப்பக்கம் நாலாவது ஜன்னல்" என்று போனில் சொல்லிவிட்டீர்கள். நடுவில் கண்டக்டர் "கொஞ்சம் முன்னால மாறி உக்காருங்க" என்கிறார். உங்களுக்கு சீட்டு இருக்கிறது, பயணமும் கெடவில்லை. பொட்டலம் மட்டும் வேறொருவர் மடியில் விழும். பேஜை மெமரியில் பூட்டும் எம்லாக் அழைப்பு கொடுப்பது இந்த சீட்டு உத்தரவாதம்தான்: பேஜ் மெமரியில் இருக்கும், ஆனால் இடம் மாறலாம். டிஎம்ஏவுக்கு வேண்டியது அதே ஜன்னல். அதற்குத்தான் ஆணி: பேஜை இருக்கும் இடத்திலேயே நிறுத்தி வைப்பது. "எம்லாக் போட்டிருக்கிறேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அடிப்பதற்கு 'பின்', பிடுங்குவதற்கு 'அன்பின்' என்பார்கள். 'பின்' என்று எழுதினால் 'பிறகு' என்று படிக்கிறது. 'அன்பின்' என்று எழுதினால் கடிதம் தொடங்குவதுபோல் இருக்கிறது. ஆகவே இங்கே ஆணி அடிப்பது, ஆணி பிடுங்குவது. ஃபங்ஷன் பெயர்களை மட்டும் உச்சரிப்புப்படியே தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்கையில் அவை சின்ன ஆங்கில எழுத்து, ஃபால் என்று தொடங்கும் கொடிகள் எல்லாம் பெரிய எழுத்து.

ஆணி தேவைதானா

முதல் கேள்வி இதுதான், பலர் கேட்காமல் தாண்டிவிடுவதும் இதையேதான். பஃபரை யார் ஒதுக்குகிறார்கள் என்பது உங்கள் கையில் இருந்தால், டிரைவரே டிஎம்ஏ_அலாக்_கோஹிரண்ட் மூலம் மெமரி வாங்கி, அதை எம்மேப் வழியாகப் பயனர் நிரலுக்குக் காட்டிவிடலாம். அந்த மெமரி டிரைவருடையது, எங்கும் நகராது. ஆணியும் வேண்டாம், லிமிட் கணக்கும் வேண்டாம். நம் அதிர்வுக் கார்டுக்கு 16 எம்பி போதும் என்பதால் உண்மையில் இதுதான் நல்ல வழி.

கார்டே பேஜ் ஃபால்ட்டைக் கையாளும் வகை என்றால், எம்எம்யு நோட்டிஃபையர் பதிவு செய்துகொண்டு, பேஜ் நகரும்போது கர்னல் தரும் தகவலைப் பார்த்து கார்டின் அட்டவணையைத் திருத்தலாம். ஆணியைவிட நிரல் எழுதுவது கடினம். மெமரி மேலாண்மைக்கு அது செய்யும் தொந்தரவு குறைவு.

இரண்டும் சரிவராமல், பயனர் நிரல் தானே ஒதுக்கிய பஃபரிலேயே கார்டு எழுதியாக வேண்டும் என்றால் ஆணி அடியுங்கள். அப்போது அடுத்த முடிவு: குறுகிய காலமா, நீண்ட காலமா? இதை நேரத்தை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. பிடுங்கும் நேரம் கர்னல் கையில் இருந்தால் குறுகியது. டிஸ்கில் டைரக்ட் ஐஓ முடிந்ததும் பிடுங்குவது அந்த வகை. பயனர் நிரல் சொன்னால்தான் பிடுங்குவது என்றால், அது 2 வினாடியில் முடிந்தாலும் நீண்டது. நம் கார்டு இரண்டாவது வகை.

பேஜ் எண்ணிக்கையும் லிமிட்டும்

நீளத்தை 4,096 ஆல் வகுத்தால் போதாது. பஃபரின் தொடக்க முகவரி பேஜ் எல்லையில் இல்லாவிட்டால் கடைசியில் ஒரு பேஜ் கூடும். சரியான சூத்திரம்: முதல் பேஜுக்குள் இருக்கும் தள்ளல், அதோடு நீளம், அதோடு 4,095; கூட்டி 4,096 ஆல் வகுத்து மிச்சத்தை விட்டுவிடுவது. மல்லாக் தரும் பெரிய பஃபர் பெரும்பாலும் எல்லையிலிருந்து 16 பைட் தள்ளித்தான் தொடங்கும். ஆகவே நம் 4,000 நடைமுறையில் 4,001.

இந்த ஒரு பேஜை லேசாக நினைக்காதீர்கள். யாராவது நுணுக்கமாகக் கணக்குப் போட்டு, ஒரு ப்ராசஸ் எவ்வளவு மெமரியைப் பூட்டலாம் என்று சொல்லும் ஆர்லிமிட்_மெம்லாக் வரம்பை 16,000 கேபி என்று வைத்திருப்பார். 4,001 பேஜுக்கு 16,004 கேபி வேண்டும். பஃபரை டிரைவரிடம் பதிவது தோற்கும்; எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 20,480 என்று வையுங்கள், பிரச்சினை முடிந்தது.

லிமிட்டின் இயல்பு அளவு கர்னல் 5.16க்கு முன் 64 கேபி, அதாவது 16 பேஜ். 5.16இல் அது 8 எம்பி ஆனது, 2,048 பேஜ். நம் கார்டு கணக்கில் 5.12 வினாடி. சோதனை மேசையில் 5 வினாடி பஃபர் வைத்து ஓட்டிப் பார்த்தவர் 10 வினாடிக்கு மாற்றியதும் விழுவது இதனால்தான். நடப்பு வரம்பைப் பார்க்க ஷெல்லில் யூலிமிட் -எல், வருவது கேபியில்.

காத்துச் சீசன் நேரத்தில் சைட்டிலிருந்து வரும் போன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடிச்சு. காலைல மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுல இருந்து பஃபர் பதிய மாட்டேங்கு." கார்டைச் சந்தேகப்படும் முன் ஒன்று கேளுங்கள்: நேற்று நிரலை யார் ஓட்டினது, இன்று யார் ஓட்டினது? நேற்று ஒருவர் லாகின் செய்து கையால் ஓட்டியிருப்பார், லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிய மெம்லாக் வரி அவருக்குப் பொருந்தியது. இன்று, பூட் ஆனதும் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி தானாக எழுப்பியிருக்கிறது. லிமிட்ஸ்.கான்ஃப் என்பது லாகின் அமர்வுக்கு மட்டும். சிஸ்டம்டி சர்வீஸ் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சர்வீஸ் கோப்பில் லிமிட்மெம்லாக் என்ற வரியைத் தனியாக எழுத வேண்டும். ரூட்டாக ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடுவதுபோல் தெரிவதற்கும் காரணம் உண்டு: கேப்_ஐபிசி_லாக் அதிகாரம் உள்ளவருக்கு இந்த வரம்பே கிடையாது. அது தீர்வு இல்லை, நோயை மூடி வைப்பது.

இனி டிரைவர் எழுதுபவருக்கு. ஆணி அடிக்கும் ஃபங்ஷன் இந்த வரம்பைச் சரிபார்ப்பதே இல்லை. அந்த வேலை முழுக்க டிரைவருடையது. அக்கவுண்ட்_லாக்ட்_விஎம் அழைத்தால் அதுவே வரம்பைப் பார்த்து ஏற்றிக்கொள்ளும்; அல்லது பின்டு_விஎம் எண்ணியை நீங்களே கூட்டி, வரம்போடு ஒப்பிட வேண்டும். முதலாவது ப்ராக் கோப்பகத்தின் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்எல்சிகே வரியிலும், இரண்டாவது விஎம்பின் வரியிலும் தெரியும். சாதனங்களைப் பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ முதல் எண்ணியிலும், நெட்வொர்க் வழியே நேரே மெமரியைத் தொடும் ஆர்டிஎம்ஏ இரண்டாவதிலும் ஏற்றுகின்றன. இரண்டையும் கூட்டி யாரும் பார்ப்பதில்லை. ஒரே நிரல் இரண்டையும் பயன்படுத்தினால் வரம்பைப்போல் இரு மடங்கு வரை ஆணி அடித்துவிட முடியும்.

ஏற்றும்போது எந்த ப்ராசஸின் எம்எம்மில் (அதன் மெமரி விவரங்களை வைத்திருக்கும் கர்னல் அமைப்பு) ஏற்றினீர்களோ அதை எம்எம்கிராப் செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும் நேரத்தில் 'இப்போது ஓடுபவரின் எம்எம்' என்று எடுத்தால் தவறு: ஃபைல் டிஸ்கிரிப்டர் இன்னொரு ப்ராசஸுக்குக் கைமாறியிருக்கலாம், ப்ராசஸ் செத்துக்கொண்டிருந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கலாம்.

ஆணி அடித்தல்

அழைக்க வேண்டியது பின்_யூசர்_பேஜஸ்_ஃபாஸ்ட். இந்தக் குடும்பம் 2020இல் கர்னல் 5.6இல் வந்தது. அதற்கு முன் எல்லாவற்றுக்கும் கெட்_யூசர்_பேஜஸ்தான்; அது பேஜை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணியில் 1 கூட்டும், அவ்வளவே. சும்மா எட்டிப் பார்க்கிறவரும் கார்டை வைத்து எழுதுகிறவரும் கர்னலுக்கு ஒன்றுபோலத் தெரிந்தார்கள். புதியது 1 கூட்டுவதற்குப் பதில் 1,024 கூட்டுகிறது. எண்ணி 1,024ஐ எட்டினால் 'ஒருவேளை ஆணி இருக்கலாம்' என்று கர்னல் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சோதனையின் பெயரிலேயே 'மேபி' இருக்கிறது: ஒரே பேஜை ஆயிரத்துச் சொச்சம் ப்ராசஸ்கள் சாதாரணமாகப் பங்கிட்டாலும் ஆணி அடித்ததுபோலத் தெரியும். தவறாக 'உண்டு' என்று சொல்லலாம், 'இல்லை' என்று தவறாகச் சொல்லாது. பல பேஜ் சேர்ந்த பெரிய ஃபோலியோக்களுக்குத் தனி எண்ணியே இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

கொடிகளில் இரண்டு முக்கியம். ஃபால்_ரைட்: கார்டு மெமரியில் எழுதுமானால் இது வேண்டும். பயனர் பார்வையில் நாம் கார்டிலிருந்து 'ரீட்' செய்கிறோம், ஆனால் மெமரி பார்வையில் அது எழுத்து. இந்தத் திருப்பத்தில் சறுக்கி இந்தக் கொடியை விட்டவர்கள் நிறைய. விட்டால், இன்னும் தொடாத பஃபருக்கு எல்லோரும் பங்கிடும் பூஜ்யப் பேஜோ, ஃபோர்க்குக்குப் பின் இருவர் பங்கிடும் பேஜோ கிடைக்கலாம். அப்போது கார்டு எழுதுவது உங்களுக்கு வந்து சேராது.

மற்றது ஃபால்_லாங்டெர்ம். நீண்ட கால ஆணி என்றால் இதைக் கொடுத்தே தீர வேண்டும். கொடுத்ததும் கர்னல், மூவபிள் மண்டலத்திலோ, தொடர்ச்சியான பெரிய இடத்துக்கென ஒதுக்கிய சிஎம்ஏ பகுதியிலோ இருக்கும் பேஜ்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றி, அங்கேதான் ஆணி அடிக்கும். அந்தப் பகுதிகள் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. இடமாற்றம் நடப்பதால் முதல் பதிவு சற்று நேரம் எடுக்கும்; அது பழுது இல்லை. ஃபால்_பின் என்ற கொடி கண்ணில் படும், அதை நீங்கள் கொடுக்கக் கூடாது. ஃபங்ஷனே உள்ளே போட்டுக்கொள்ளும்.

லாங்டெர்ம் கொடி சிலவற்றை மறுக்கவும் செய்யும். சேமிப்பகத்தையே நேரே மெமரியாகக் காட்டும் டேக்ஸ் கோப்பு முறையின் பேஜ்களுக்கு இல்லை. இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறையில் உள்ள கோப்பை எம்மேப் செய்து, அதையே எழுதும் பஃபராகக் கொடுத்தால், 6.5 முதல் மறுக்கிறது. பேஜ் டிஸ்கில் எழுதப்பட்டுச் சுத்தம் என்று குறிக்கப்பட்ட பிறகும் கார்டு சத்தமில்லாமல் அதில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு முறையின் கணக்கே குலைந்துவிடும். 'நேரே கோப்பிலேயே பதியட்டும்' என்ற ஆசையை விட்டுவிடுங்கள். சாதாரண அனானிமஸ் மெமரி அல்லது ஹ்யூஜ் பேஜ் எடுங்கள். 2 எம்பி ஹ்யூஜ் பேஜ் என்றால் நம் பஃபர் 8 பேஜில் அடங்கிவிடும், கார்டுக்குக் கொடுக்கும் பட்டியலும் ஆயிரக்கணக்கிலிருந்து 8 வரிக்குச் சுருங்கும்.

பேஜ் சுட்டிகளை வைக்கும் அணிக்கு 4,001 × 8 = 32,008 பைட் வேண்டும். கேவிமல்லாக்_அரே போதும், ஸ்டாக்கில் வைக்க நினைக்கவே வேண்டாம்.

இனி மிக அதிகமாகக் கோட்டைவிடப்படும் இடம்: திருப்பி வரும் மதிப்பு. 4,001 கேட்டால் 4,001தான் வரும் என்று எந்த உறுதியும் இல்லை. 3,100 வரலாம். அது பிழையும் இல்லை, வெற்றியும் இல்லை. 3,100 பேஜில் ஆணி அடித்தாகிவிட்டது, மற்றதில் இல்லை. முழுதும் வேண்டும் என்றால் அந்த 3,100ஐயும் பிடுங்கிவிட்டுப் பிழை திருப்ப வேண்டும். எதிர்மறை வந்தால் ஒன்றுகூட அடிபடவில்லை, பிடுங்கவும் ஒன்றும் இல்லை.

இதற்குள்ளேயே ஒரு குழி. திரும்பும் மதிப்பு இன்ட், பேஜ் எண்ணிக்கை அன்சைன்ட் லாங். 'வந்தது கேட்டதைவிடக் குறைவா?' என்று நேரே ஒப்பிட்டால் சி மொழி -14 போன்ற பிழை எண்ணை அன்சைன்ட் ஆக்கிவிடும். -14 என்பது 18-க்குப் பின் 18 இலக்கம் வரும் பிரம்மாண்ட எண் ஆகி, 4,001ஐவிடப் பெரியதாக நிற்கும். சோதனை தேறிவிடும். ஒரு ஆணியும் இல்லாமல் குப்பைச் சுட்டிகளை டிரைவர் கார்டிடம் கொடுத்துவிடும். முதலில் பூஜ்யத்துக்குக் கீழா என்று தனியாகப் பாருங்கள், பிறகு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

கார்டுக்குக் கொடுத்தல்

எஸ்ஜி_அலாக்_டேபிள்_ஃப்ரம்_பேஜஸ் கொண்டு பட்டியல் கட்டுங்கள், பக்கத்துப் பக்கத்துப் பேஜ்களை அதுவே சேர்த்துவிடும். பிறகு டிஎம்ஏ_மேப்_எஸ்ஜிடேபிள், திசை 'சாதனத்திலிருந்து'. பிராசஸர் படிக்கும் முன் 'சிபியுவுக்கு' என்ற சிங்க் அழைப்பு வேண்டும். எக்ஸ்86 மேசைக் கணினியில் இதை விட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும். அதே டிரைவரைக் கோபுர அடியில் வைக்கும் சின்ன ஆர்ம் போர்டில் போட்டால் பழைய கேஷ் தரவு வந்து நிற்கும்.

கார்டு 32 பிட் முகவரி மட்டும் அறியும் பழைய வகை, சாதன முகவரிகளை மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யுவும் இல்லை என்றால் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்ற கர்னலின் இடைநிலை பஃபர் ஏற்பாடு இடையில் புகுந்து தன் இயல்பான 64 எம்பி இடத்தில் வாங்கி, பிறகு உங்கள் பஃபருக்கு நகல் எடுக்கும். நகலைத் தவிர்க்கத்தானே ஆணி அடித்தீர்கள்? இந்த நிலையில் டிரைவரே ஒதுக்கும் வழிக்குத் திரும்புவது மேல்.

பிடுங்குதல்

இந்தப் பகுதியை அடிக்கும் நிரலுக்கு முன்பே எழுதி முடியுங்கள். வரிசை மாறக் கூடாது.

முதலில் கார்டை நிறுத்துங்கள். நிறுத்து என்று ரெஜிஸ்டரில் எழுதினால் மட்டும் போதாது, அதே கார்டின் ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். படித்த பதில் திரும்பி வரும்போது, அதற்கு முன் கார்டு அனுப்பிய எழுத்துகளையும் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும்; பிசிஐ வரிசை விதி அப்படி. அடுத்து டிஎம்ஏ மேப்பை அவிழுங்கள். அடுத்துதான் அன்பின்_யூசர்_பேஜஸ்_டர்ட்டி_லாக், கடைசி மதிப்பு 'ஆம்'. கார்டு எழுதியதை பிராசஸரின் பேஜ் டேபிள் அறியாது என்பதால் 'டர்ட்டி' (உள்ளே மாறியிருக்கிறது) என்ற குறியை நாம்தான் போட வேண்டும். போடாவிட்டால் மெமரி நெருக்கடியில் 'ஸ்வாப்பில் உள்ள பழைய பிரதியே போதும்' என்று கர்னல் அந்தப் பேஜைத் தூக்கிப் போடலாம். பிறகு எண்ணியில் ஏற்றியதை இறக்கி, எம்எம்மை விடுங்கள்.

மேப்பை அவிழ்க்கும் முன் ஆணியைப் பிடுங்கினால் என்ன? பேஜ் வேறு யாருக்கோ போயிருக்கும், கார்டு அதில் அதிர்வுத் தரவைக் கொட்டும். கர்னல் பிழைச் செய்தி வரும் இடம் உங்கள் டிரைவராக இருக்காது; சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பு முறையோ நெட்வொர்க் அடுக்கோ விழும். நாள் கணக்கில் தேட வைக்கும் பிழை.

டர்ட்டி_லாக் அழைப்பு பேஜ் லாக்குக்காகத் தூங்கக்கூடியது. இன்டரப்ட் ஹேண்ட்லரில் அழைக்காதீர்கள். வேலையை வொர்க்க்யூவுக்குத் தள்ளுங்கள்.

பழைய பழக்கத்தில் புட்_பேஜ் எழுதுகிறவர்களுக்காக எண்ணியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு சாதாரண அனானிமஸ் பேஜ், எண்ணி 1. ஆணி அடித்ததும் 1,025. புட்_பேஜ் 1 குறைக்கும்: 1,024. கர்னலுக்கு இன்னும் ஆணி இருப்பதாகவே தெரிகிறது. ப்ராசஸ் முடிந்ததும் அதன் 1ம் போய் 1,023. சொந்தக்காரர் இல்லை, பூஜ்யமும் ஆகாது. அந்த 4 கேபி மறு பூட் வரை யாருக்கும் கிடைக்காது. நேர்மாறாக, கெட்_யூசர்_பேஜஸில் வாங்கி அன்பின்னில் விட்டால் எண்ணி பூஜ்யத்துக்குக் கீழே போய் கர்னல் கத்த வாய்ப்பு அதிகம். கத்துகிறது நல்லது, முதலாவதுதான் ஆபத்து.

பிடுங்கும் நிரலை ஒரு ஐஆக்ட்லில் (பயனர் நிரல் டிரைவருக்குக் கொடுக்கும் கட்டளை) மட்டும் வைப்பது போதாது. பயனர் நிரலை கில் -9 கொண்டு கொன்றால் அந்த ஐஆக்ட்ல் வரவே வராது. ஃபைலின் ரிலீஸ் ஃபங்ஷனிலும், கார்டைக் கழற்றும் ரிமூவ் ஃபங்ஷனிலும் அதே பிடுங்கும் பாதை ஓட வேண்டும். இருமுறை ஓடினாலும் கெடாதபடி சுட்டியை வெறுமையாக்கி வையுங்கள்.

பயனர் நிரல் செய்யும் வினை

ஆணி இருப்பது பேஜில், முகவரியில் இல்லை. நிரல் பஃபரை ஃப்ரீ செய்துவிட்டு மறுபடி மல்லாக் கேட்டால், அதே முகவரி வேறு பேஜ்களோடு திரும்பி வரலாம். 'இந்த முகவரியை ஏற்கெனவே பதிந்திருக்கிறேன்' என்று பழைய பதிவையே டிரைவர் திருப்பிக் கொடுத்தால், கார்டு ஆளில்லாத பழைய பேஜில் எழுதிக்கொண்டே இருக்கும். நிரலுக்கு வெறும் பூஜ்யம்தான் தெரியும். மேட்வைஸ் டோன்ட்நீட் கொடுத்தாலும் இதே கதி. முகவரியை வைத்துப் பதிவுகளைச் சேமிக்கிறீர்கள் என்றால் எம்எம்யு நோட்டிஃபையர் வைத்து, மேப் அவிழும்போது அந்தப் பதிவைச் செல்லாததாக்குங்கள்.

ஃபோர்க் தொல்லை 5.9 முதல் குறைந்தது. ஆணி அடித்த அனானிமஸ் பேஜ்களைக் கர்னல் அப்போதே பிள்ளைக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அதைவிடப் பழைய கர்னல் என்றால் பஃபருக்கு மேட்வைஸ் டோன்ட்ஃபோர்க் கொடுங்கள்.

சாதனத்தின் சொந்த மெமரி

இதுவரை பார்த்தது கணினியின் ராம். ஜிபியு போன்ற சாதனத்தின் சொந்த மெமரிப் பேஜுக்கு ஆணி கேட்டால் கதை வகைக்கு வகை மாறும்.

டிவைஸ் பிரைவேட் வகை: பிராசஸரால் தொட முடியாத மெமரி. பேஜ் டேபிளில் ஸ்வாப் போன்ற ஒரு சிறப்புப் பதிவு மட்டும் இருக்கும். ஆணி கேட்டதும் ஃபால்ட் எழும், டிரைவர் அந்தப் பேஜை ராமுக்கு இழுத்து வரும், ஆணி அங்கே விழும். பிறகு ஆணி இருக்கும்வரை அதை ஜிபியுவுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. ஜிபியு கணக்கு திடீரென்று மந்தமானால் இதையும் ஒரு காரணமாகப் பாருங்கள்.

டிவைஸ் கோஹிரண்ட் வகை, 6.0இல் வந்தது: பிராசஸரும் நேரே தொடலாம். குறுகிய கால ஆணி அங்கேயே விழும். லாங்டெர்ம் கேட்டால் கர்னல் முதலில் பேஜை ராமுக்கு மாற்றும், காரணம் மூவபிள் மண்டலத்துக்குச் சொன்னதேதான்: சாதனத்தின் மெமரியை அதன் டிரைவர் விரும்பியபோது காலி செய்ய வேண்டும்.

பி2பி டிஎம்ஏ வகை: ஒரு பிசிஐ சாதனத்தின் பார் மெமரியை (வெளியே முகவரி காட்டும் அதன் மெமரிப் பகுதி) இன்னொரு சாதனம் நேரே தொடுவது. ஃபால்_பிசிஐ_பி2பிடிஎம்ஏ கொடி இல்லாமல் ஆணி மறுக்கப்படும், கொடி 6.2 முதல் உண்டு. இதையும் லாங்டெர்மையும் சேர்த்துக் கொடுக்க முடியாது. சாதனத்தை எப்போது வேண்டுமானாலும் கழற்ற வழி இருக்க வேண்டும்.

ஜிபியு டிரைவர்களுக்குள் டிடிஎம்_பிஓ_பின் என்று வேறொரு ஆணியும் உண்டு. அது பேஜுக்கு அடிப்பது அல்ல, பஃபர் ஆப்ஜெக்ட் முழுமைக்கும் அடிப்பது. விரேமை (ஜிபியுவின் சொந்த மெமரி) விட்டு அதை வெளியேற்றாதே என்று பொருள். திரைக்குப் போகும் பஃபருக்கு அது வேண்டும். டிஎம்ஏ-பஃப் வழியாகப் பகிர்ந்த பஃபருக்கு, வாங்குகிறவர் 'நகர்ந்தால் சொல்' என்ற மூவ் நோட்டிஃபை கொடுத்துவிட்டால் ஆணி தேவைப்படாது. எல்லோரும் ஆணியே அடித்துக்கொண்டிருந்தால் விரேம் துண்டு துண்டாகி, இடம் இருந்தும் பெரிய பஃபர் கிடைக்காமல் போகும்.

கண்காணிப்பு

ப்ராக் கோப்பகத்தின் விஎம்ஸ்டாட் கோப்பில் இரண்டு வரிகள்: என்ஆர்_ஃபால்_பின்_அக்வயர்ட், என்ஆர்_ஃபால்_பின்_ரிலீஸ்ட். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இப்போது அடித்து நிற்கும் ஆணிகள். ஐஓ_யூரிங், ஜிபியு என்று வேறு ஆட்களும் இதில் சேர்வதால் சர்வீஸ் எழுவதற்கு முன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஒரு வினாடிபோலப் பிந்தி வரும். மாற்றம் செய்து இரண்டு மூன்று வினாடி கழித்துப் பாருங்கள்.

கசிவு இருந்தால் முதலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 10 வினாடிச் சுற்றுக்கு 1 பேஜ் என்றால் நாளுக்கு 8,640 பேஜ், 33.75 எம்பி. வைகாசியில் ஓடத் தொடங்கி ஆவணி வரை 100 நாள் ஓடினால் 3.3 ஜிபி. முதல் அறிகுறி 'மெமரி இல்லை' என்று வராது. ஃப்ரீ கட்டளை நிறைய மெமரி இருப்பதாகச் சொல்லும், ஆனால் ஹ்யூஜ் பேஜ் கிடைக்காது. சிதறி நிற்கும் ஆணிகளைத் தாண்டிக் காம்பேக்‌ஷனால் எதையும் சேர்க்க முடியவில்லை என்பதே விஷயம். சிஎம்ஏ ஒதுக்கீடு -16 என்று தோற்பதும், மெமரி ஆஃப்லைன் செய்யும்போது 'மைக்ரேஷன் ஃபெயிலியர்' என்று டிமெஸ்கில் பேஜ் விவரம் கொட்டுவதும் அதே குடும்பம். அந்த விவரத்தில் ரெஃப்கவுண்ட் 1,024ஐ ஒட்டி நின்றால் ஆணிதான்.

கசிவதே ஒரே பஃபர் என்றால், அதாவது சுற்றுக்கு ஒருமுறை அதையே அடித்துப் பிடுங்காமல் விட்டால், மெமரி குறையாது, எண்ணிதான் ஏறும். 1,024 வீதம் 20,97,152 முறை போனால் 32 பிட் எண்ணி எதிர்மறைக்குத் திரும்பும். கர்னல் அதற்கு மேல் மறுத்துவிடும். 10 வினாடிக்கு ஒன்று என்றால் 242 நாள். ஆடி முதல் தேதி ஓட விட்டது பங்குனி பிறக்கையில் நிற்கும், அதற்குள் டிரைவர் எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். சுற்றுக்குச் சுற்று அடித்துப் பிடுங்காமல், ஒருமுறை அடித்த பஃபரையே வளையமாகப் பயன்படுத்தினால் இந்தப் பிழைக்கு வாய்ப்பே இல்லை, வேகமும் கூடும்.

சைட்டுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை: நிரலை எழுப்பி, பதிவு நடந்ததும் கில் -9, மறுபடி எழுப்பு. இப்படி 100 முறை. அது தவிர, வரம்பை 8 எம்பிக்குக் குறைத்துத் தோல்விப் பாதையையும் ஓட விடுங்கள், பஃபரை வேண்டுமென்றே 16 பைட் தள்ளிக் கொடுங்கள். முடிவில் இரு எண்களின் வித்தியாசம் தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த எண்ணே வழி சொல்லும். 4,00,100 கூடியிருந்தால் ரிலீஸ் பாதை ஓடவே இல்லை. சரியாக 100 என்றால், பிடுங்கும்போது 4,000 என்று கணக்கிட்டு, தள்ளலால் வந்த கடைசிப் பேஜை விட்டிருக்கிறீர்கள். ஒழுங்கில்லாத ஏதோ ஒரு எண் என்றால், கேட்டதைவிடக் குறைவாக வந்தபோது வந்தவற்றைப் பிடுங்காமல் திரும்பும் வரியைத் தேடுங்கள்.